வலிப்பு மாத்திரை சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லையா? 'செயல்பாட்டு வலிப்பு' ஏன் வருகிறது?

வீட்டில் ஒருவருக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது. ஸ்கேன் நார்மல். மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்தும் குறையவில்லை. "சாமி வந்திருக்கு" என்கிறார் ஒருவர், "சும்மா நடிக்கிறா" என்கிறார் இன்னொருவர். உங்கள் வீட்டிலும் இதே கதை என்றால், அது 'செயல்பாட்டு வலிப்பாக' இருக்கலாம்.

செயல்பாட்டு வலிப்பு என்றால் என்ன?

காக்காய் வலிப்பு என்று நாம் சொல்லும் நோயில், மூளை நரம்பு செல்களின் மின்சாரம் திடீரென தாறுமாறாகப் பாய்கிறது. செயல்பாட்டு வலிப்பிலும் உடல் உதறும், நினைவு தப்பும், கீழே விழுந்து அடிபடலாம். ஆனால் மூளையில் அந்த மின் கோளாறு இருக்காது. போன் உடையவில்லை, உள்ளே இருக்கும் ஆப் ஹேங் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது நடிப்பு இல்லை. வேண்டுமென்று வரவழைப்பதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ காலத்தில் இதை 'ஹிஸ்டீரியா' என்றார்கள். இன்று நரம்பியல், மனநல மருத்துவர்கள் சேர்ந்து கவனிக்கும் ஒரு நோய் இது.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் கிடையாது. மருத்துவர்கள் மூன்று அடுக்காகப் பார்க்கிறார்கள்.

1. முன்பே இருப்பவை: சிறுவயதில் நேர்ந்த வன்முறை, பாலியல் துன்புறுத்தல், பதற்றம், மனச்சோர்வு, தலைக்காயம்.

2. தூண்டுபவை: குடும்பச் சண்டை, நெருங்கியவரின் மரணம், விபத்து, உடல்நலக் குறைவு.

3. தொடர வைப்பவை: 'மறுபடி வந்துடுமோ' என்ற பயம், தவறான சிகிச்சை, வீட்டில் கேட்கும் ஏச்சு.

தாங்க முடியாத பதற்றம் வரும்போது மூளை கொஞ்ச நேரம் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. ஒருமுறை பழகிவிட்டால், பெரிய காரணம் இல்லாமலே அது திரும்ப வரலாம். மனசுல எந்தக் கவலையும் இல்லை என்று சொல்பவர்களுக்கும் வரும். எனவே 'என்னத்தை மறைக்கிற?' என்று துருவாதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்பகமான பரிசோதனை வீடியோ இ.இ.ஜி. வலிப்பு வரும் நேரத்திலேயே மூளை அலைகளையும் உடல் அசைவையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். ஹைதராபாத் நிம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் போன்ற பெரிய மையங்களில் இந்த வசதி உண்டு.

கண்கள் இறுக மூடியிருப்பது, தலை இடவலமாக ஆடுவது, இரண்டு நிமிடத்துக்கு மேல் விட்டு விட்டு உதறுவது ஆகியவை சில அறிகுறிகள். இவற்றை மட்டும் வைத்து வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம். வலிப்பு வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினால் உதவியாக இருக்கும். சிலருக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும்.

சோதிக்காமல் 'மனப் பிரச்னை' என்று முத்திரை குத்துவதும் ஆபத்துதான். 2020 டிசம்பரில் ஆந்திராவின் ஏலூரில் நூற்றுக்கணக்கானோர் வலிப்பு, மயக்கத்துடன் மருத்துவமனையில் சேர்ந்தனர். எய்ம்ஸ் பரிசோதித்தபோது ரத்த மாதிரிகளில் ஈயமும் நிக்கலும் இருந்தன.

தாமதமானால் என்ன ஆகும்?

சரியான பெயர் கிடைக்கவே சராசரியாக 7 ஆண்டுகள் ஆனதாக 2002இல் வெளியான ஜெர்மனி ஆய்வு சொல்கிறது. அத்தனை ஆண்டும் பலனில்லாத மாத்திரை, அதன் பக்கவிளைவு, வேலை, படிப்பு, கல்யாணத்தில் தடை. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் போன்ற மருந்து சிசுவையே பாதிக்கலாம்.

சிகிச்சை உண்டா?

உண்டு. முதல் சிகிச்சை, நோயை நோயாளிக்குப் புரிய வைப்பதுதான். அதைக் கேட்டபிறகே சிலருக்கு வலிப்பு குறைகிறது. அடுத்தது பேச்சு வழி உளவியல் சிகிச்சை. பிரிட்டனில் 368 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை மாதாந்திர வலிப்பு எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. ஆனால் வலிப்பின்றி இருக்கும் நாட்கள் நீண்டன, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது.

பேச்சுதான் மருந்து என்பதால் மொழி முக்கியம். செகந்திராபாத் திருமுல்கேரி போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், மனதில் உள்ளதைத் தாய்மொழியில் சொல்ல வழி இருக்கிறதா என்று மருத்துவமனையில் கேட்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

வலிப்பு வரும்போது என்ன செய்வது?

- ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள்.
- கையில் சாவி, இரும்பு கொடுக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள்.
- கை, காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று மெதுவாகப் பேசுங்கள்.
- முதல் முறை வந்தாலோ, 5 நிமிடம் தாண்டினாலோ, அடிபட்டாலோ 108ஐ அழையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: சந்தேகம் வந்துவிட்டது என்பதற்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எதை, எப்போது குறைப்பது என்பதை நரம்பியல் மருத்துவரே சொல்ல வேண்டும்.