கீழாநெல்லிக்கு ஒரு பரீட்சை

மஞ்சட்காமாலை என்ற பேச்சு எழுந்தால் போதும், நம் வீடுகளில் ஒவ்வொருவரும் வைத்தியராகிவிடுவார்கள். எங்கள் கச்சிராயபாளையத்தில் கேட்கவே வேண்டாம். கல்வராயன் மலையடிவாரமாயிற்றே, மழை பெய்தால் வரப்பெங்கும் கீழாநெல்லிதான். பிடுங்கி அரைத்து, மோரில் கரைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் கண்ணெல்லாம் மஞ்சளித்துப் படுத்தவன், மூன்று வாரத்தில் எழுந்து பள்ளிக்கூடம் வந்தான். "எல்லாம் கீழாநெல்லி மகிமைதாங்க, வாத்தியாரய்யா!" என்றார் அவன் தகப்பனார். மறுக்கவும் என்னிடம் ஆதாரமில்லை, ஒப்புக்கொள்ளவும் ஆதாரமில்லை.

காரணம் இதுதான். அசுத்தமான தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். இலை கொடுத்தவனுக்கும் தணியும், கொடாதவனுக்கும் தணியும். ஆனால் ரத்தத்தின் வழியாகவும், பிரசவ காலத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவும் 'ஹெபடைடிஸ் பி' கிருமி வேறு ரகம். அது சிலருடைய கல்லீரலில் ஆயுள் முழுவதும் தங்கி, ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடும். கீழாநெல்லியின் சக்தியைச் சோதிக்க வேண்டுமானால் இங்கேதான் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனை நமது சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவரது சகாக்களும், அந்தக் கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் புளும்பெர்க்கும் சேர்ந்து, 1988-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். கிருமி நீங்காதவர்களில் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள். மற்றப் பிரிவினருக்குப் பார்வைக்கு அதே போன்ற குளிகை, உள்ளே மருந்தில்லை. பொடி உண்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறுங்குளிகை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

நமக்குப் பெருமையாக இருக்கிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். பிற நாட்டாரும் செய்து பார்த்தார்கள். 1990-ல் தாய்லாந்திலிருந்தும், 1994-ல் நியூஸிலாந்திலிருந்தும் வந்த செய்தி, பலனில்லை என்பதே. கீழாநெல்லி இந்தக் கிருமியைப் போக்கும் என்பது இன்றளவும் நிலைநாட்டப்படவில்லை. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பாட்டி வைத்தியத்தைத் தராசில் வைக்கும் துணிவு நம்மவர்க்கு இருந்தது. மறுபடி நிறுத்துப் பார்க்கும் உரிமை உலகத்தார்க்கு உண்டு.

பலன் உண்டா என்பதோடு கேள்வி முடிவதுமில்லை. நாம் விழுங்கும் மருந்துகளில் பலவற்றை மாற்றிக் கழிப்பது கல்லீரலே. அது நலிந்துவிட்டால், மருந்து ரத்தத்திலேயே தேங்கும். சுகமாயிருப்பவனுக்கு அளவான மருந்து, நோயாளிக்கு அளவு மீறியதாகும். ஆகையால் இத்தகைய புது மருந்துகளை ஈரல் நலிந்தோர் சிலரிடம் தனியே சோதிக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை, வயிற்றில் நீர்கோத்தல், அறிவு மயக்கம் முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, நலிவை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து, குறித்த நேரங்களில் ரத்தமெடுத்து, ஒத்த வயதும் எடையும் உள்ள ஆரோக்கியசாலிகளின் ரத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள். அளவைக் குறைப்பதா, மருந்தையே விலக்குவதா என்பது அப்போதுதான் தெரியும். "பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்று நாம் கைப்பிடியால் அளந்து கொடுப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அந்தத் தகப்பனாரிடம் இப்போது எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. கண் மஞ்சளித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். எந்தக் காமாலை என்று தெரியட்டும். வீட்டில் குழந்தை பிறந்தால், 24 மணி நேரத்துக்குள் 'ஹெபடைடிஸ் பி' தடுப்பூசியைக் கேட்டுப் போடச் செய்யுங்கள். பல பரீட்சைகளில் தேறி வந்த அந்த ஊசி நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே போடப்படுகிறது.