சுவரோரத்து ஒழுக்கு

ஐப்பசி மழை தொடங்குமுன் ஓட்டு வீடுகளில் முதலில் கவனிக்கத்தக்க இடம், தாழ்வாரக் கூரை சுவரைச் சேரும் மூட்டாகும். இங்கே ஒழுகினால் ஓடுகளைக் குறை கூறிப் பயனில்லை. கூரைச் சட்டங்கள் வெயிலுக்கும் ஈரத்திற்கும் ஏற்ப அசைகின்றன, சுவரோ அசைவதில்லை. ஆகவே இடையே பூசிய சிமெண்டு வெடித்துவிடுகிறது. மண்சாந்தில் கட்டிய சுவராயின், இவ்வழியே இறங்கும் நீர் சுவரையே சரித்துவிடக்கூடும்.

ஆண்டுதோறும் மேற்பூச்சுப் பூசுவது வீண் செலவு. துத்தநாகம் பூசிய தகரப் பட்டையே தக்க பரிகாரம். ஓட்டிற்குச் சற்று மேலே சுவரில் 1 அங்குல ஆழம் காடி வெட்டி, பட்டையின் மேல் விளிம்பை மடித்துச் செருகி, கலவையால் அடைக்க வேண்டும். கீழ் விளிம்பு ஓடுகளின்மீது 6 அங்குலமாவது படிந்திருக்கட்டும். அதனை ஓட்டுடன் சேர்த்துப் பூசி இறுக்குதல் கூடாது. கொத்தனார் பூசத்தான் முற்படுவார். வீட்டுக்காரர் அருகிலிருந்து தடுக்க வேண்டும்.