கேட்கத் தயங்க வேண்டாம்

சென்ற நவராத்திரியில் அன்னதானப் பந்தி முடிந்த வேளை. இளந்தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மூன்று வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய்.

“சார், தாலியைத் தவிர மற்ற நகைகளை எல்லாம் அடகு வைத்துவிட்டோம். கோயில் நிதியில் ஏதாவது கிடைக்குமா?” என்றார்.

“மருத்துவமனையில் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒன்றுமே இல்லாதவர்களுக்குத்தானே, சார்?” என்று தலைகுனிந்தார்.

இந்தத் தயக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. ஆகவே சிங்கப்பூரில் உள்ள ஏற்பாடுகளை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவது, பொது மருத்துவமனைகளின் பி2, சி வகுப்பு வார்டுகளுக்கு அரசாங்கம் அளிக்கும் மானியம். இரண்டாவது, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி. 2015 நவம்பர் 1 முதல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அனைவரும் இதில் அடக்கம். பிறவிக் குறைபாடோ முன்பே இருந்த நோயோ இதற்குத் தடையில்லை. மூன்றாவது, மெடிசேவ். பெற்றோர் தங்கள் கணக்கிலிருந்தும், வரம்புக்கு உட்பட்டு, குழந்தைக்காகச் செலுத்தலாம்.

இவற்றுக்குப் பின்னும் மீதியைக் கட்ட இயலாத குடிமக்களுக்கு இருப்பது மெடிஃபண்ட். 1993இல் 200 மில்லியன் வெள்ளி மூலதனத்துடன் அரசாங்கம் இதைத் தொடங்கியது. முதலைத் தொடாமல் அதன் வருமானத்தைக் கொண்டு உதவுவதே முறை. கோயில் விளக்கெரிய நிலம் எழுதிவைத்து, விளைச்சலில் எண்ணெய் வாங்கிய நம் முன்னோர் வழியும் இதுதான் அல்லவா? 2013இல் குழந்தைகளுக்கென மெடிஃபண்ட் ஜூனியர் தனியாக ஏற்படுத்தப்பட்டது. மானிய வகுப்பில் சிகிச்சை பெறுவோருக்கே இவ்வுதவி என்பதால், வார்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைவிற்கொள்ள வேண்டும். குடும்ப வருமானம், கட்டணத் தொகை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவமனையின் மெடிஃபண்ட் குழு முடிவு செய்யும்.

விண்ணப்பம் மருத்துவச் சமூக ஊழியர் வழியாகவே செல்லும். பில் வரும்வரை காத்திராமல், சிகிச்சை தொடங்கும்போதே தாதியரிடம் சொல்லி அவரைச் சந்தியுங்கள். நிரந்தரவாசிகளுக்கு மெடிஃபண்ட் இல்லை. ஆயினும் வேறு அறநிதிகள் இருந்தால் அவர் வழிகாட்டுவார்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு சொல். ஆயுள் முழுவதும் விலையுயர்ந்த மருந்து தேவைப்படும் அரிய நோயாளிகளுக்காக 2019இல் அரிய நோய் நிதி தொடங்கப்பட்டது. பொதுமக்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது. ஒரு விளக்கை ஏற்ற நான்கு விளக்குகள் எரிவது போன்ற புண்ணியம் இது.

அந்தத் தந்தையுடன் மறுநாள் நானும் மருத்துவமனைக்குச் சென்றேன். மெடிஃபண்ட் உதவி கிடைத்தது. தாய் வேலையை விட்டதால் ஏற்பட்ட பற்றாக்குறைக்கும் போக்குவரத்துச் செலவுக்கும் நம் கோயில் துணை நின்றது. சிறுமி இன்னும் சிகிச்சையில் இருக்கிறாள்.

பிள்ளைக்காக அம்பாளிடம் கையேந்த நாம் கூச்சப்படுவதில்லை. நமக்கென ஏற்படுத்தப்பட்ட உதவியைக் கேட்கவும் கூச்சம் வேண்டாம். தனியே செல்லத் தயங்குவோர் கோயில் அலுவலகத்தில் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் உடன் வருவோம். அம்பாள் அருள் அக்குழந்தைகளைக் காக்கட்டும்.