டன் கிடக்கட்டும், நொடியைச் சொல்லுங்க!

மஞ்சள், துருச்சிவப்பு, நீலம். ஒரே மெஷினில் மூன்று நிறம்! பெயின்ட் வாங்கக் காசில்லாமல் இல்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு பூர்வஜென்மம். மஞ்சள் சிலிண்டர் போன பிறவியில் மண் தோண்டும் இயந்திரத்தின் கையாக இருந்தது. துருவேறிய ஐ-பீம், இடித்துப் போட்ட ஒரு கட்டடத்தின் உத்தரம். நீல அச்சும் சக்கரங்களும் படகு இழுத்த டிரெய்லருடையவை. எல்லாவற்றையும் காயலான்கடையிலும் ஏலத்திலும் பொறுக்கி, வெல்டிங் வைத்து ஒட்டி, ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சினை மேலே உட்கார வைத்தால் கிடைப்பது, விறகு பிளக்கும் ஹைட்ராலிக் மெஷின். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே என்று கேட்டுவிடாதீர்கள். கடையில் வாங்கினால் விறகு மட்டும்தான் கிடைக்கும்.

இடம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். டெட்ராய்ட் நகரத்தைத் தாண்டி வயலும் காடுமாக விரியும் பகுதியில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்காரர் கார் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே எட்டிப் பார்க்க இவரைக் கெஞ்ச வேண்டியதே இல்லை. “இதை நீங்களேவா செஞ்சீங்க?” என்ற ஒரு கேள்வி போதும். காபி வரும், ஸ்டூல் வரும், சாயங்காலம் வரைக்கும் கதை வரும்.

முதல் கேள்வி, எதற்கு இவ்வளவு விறகு? இங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைவதெல்லாம் செய்தியே இல்லை. விறகு அடுப்பால் வீட்டைச் சூடாக்கும் குடும்பங்கள் கிராமப்புறங்களில் இன்றும் ஏராளம். விறகை இவர்கள் ‘கார்டு’ கணக்கில் அளக்கிறார்கள்: நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு கார்டு, அதாவது 128 கன அடி. பிளந்து அடுக்கிக் காயவைத்து, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அடுப்பில் ஒழுங்காக எரியும். பிளக்காத உருளைக்கட்டை பட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஈரத்தை விடவே விடாது.

மிச்சிகனுக்கு இதில் ஒரு சோகக் கதையும் உண்டு. 2002-ல் டெட்ராய்ட் பக்கத்தில்தான் மரகதப் பச்சையில் மினுங்கும் ஒரு சின்ன வண்டு அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த இதன் புழு, ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்தின் சாறோட்டத்தையே அறுத்துவிடும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போயே போய்விட்டன. விறகோடு வண்டும் பயணம் போகிறது என்பதால், விறகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள் என்ற பிரச்சாரம் நாடு முழுக்க நடந்தது. செத்த மரத்தை வெட்டிய இடத்திலேயே பிளந்து எரிப்பதுதான் வழி. கொட்டகைக்குப் பின்னால் மலை மாதிரிக் கிடக்கும் கட்டைகளுக்கு இதுதான் பூர்வோத்தரம்.

சரி, ஸ்டார்ட் பண்ணலாமா?

212 சிசி பிரிடேட்டர் எஞ்சின், 6.5 குதிரைசக்தி. கயிற்றை ஒரு இழு, படபடவென்று பற்றிக்கொள்கிறது. ஆஷ் கட்டை ஒன்றை பீம் மேல் படுக்க வைத்து, லீவரைத் தள்ளுகிறார். பிஸ்டன் தண்டு வழவழவென்று வெள்ளியாய் நீண்டு வருகிறது. ஆப்பை அசைத்து வாலை மாட்டிக்கொண்ட குரங்கின் கதையில், தச்சர்கள் மரத்தைப் பாதி பிளந்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள் இல்லையா? ஆப்படிப்பது அவ்வளவு நேரம் தின்கிற வேலை. இங்கே ஆப்பு பீமின் கோடியில் நட்டுவைத்தபடி நிற்கிறது. மரம்தான் தேடிப்போய் மோதுகிறது. டப்! ஆஷ் பாதி தூரத்திலேயே வாயைப் பிளந்து இரண்டாக விழுந்துவிட்டது. பச்சையாக இருந்தாலும் ஆஷ் இப்படித்தான், பரம சாது.

அடுத்து எல்ம். ஐயோ, அதன் பிடிவாதத்தைப் பார்க்க வேண்டும்! நார் நாராகப் பின்னிக்கொண்ட மரம். ஆப்பு உள்ளே இறங்கியும் விடமாட்டேன் என்கிறது. எஞ்சின் குரல் தடிக்கிறது, பிஸ்டன் சட்டென்று ஆமை வேகத்துக்கு இறங்குகிறது, மரம் கிறீச்சிட்டு முனகி, கடைசி இன்ச்வரை நாரால் தொங்கிக்கொண்டே பிரிகிறது.

“கவனிச்சீங்களா? வேகம் குறைஞ்சுதே, அங்கதான் விஷயம் இருக்கு.” கொட்டகைக்காரர் முகத்தில் மேஜிக் காட்டியவரின் சிரிப்பு.

எஞ்சினுக்குப் பக்கத்தில், உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு இரும்புக் கட்டி. அதுதான் இரட்டை நிலை பம்ப். அதற்குள் பல்சக்கரங்கள் இரண்டு ஜோடி. மரம் எதிர்க்காதபோது இரண்டு ஜோடியும் சேர்ந்து நிமிடத்துக்கு 11 கேலன், அதாவது சுமார் 42 லிட்டர் எண்ணெயைத் தள்ளும். பிஸ்டன் பாய்ந்து வரும். மரம் முரண்டு பிடித்து அழுத்தம் 650 பி.எஸ்.ஐ. (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) பக்கம் ஏறியதும், பெரிய ஜோடி தானாகக் கழன்றுகொண்டு தன் எண்ணெயைச் சும்மா சுற்றவிடும். சின்ன ஜோடி மட்டும் நிமிடத்துக்கு 3 கேலன் வீதம், 2,500 பி.எஸ்.ஐ. வரை மூச்சைப் பிடித்துத் தள்ளும். இதில் என்ன அழகு தெரியுமா? கணக்குப் போட்டால் இரண்டு நிலைக்கும் எஞ்சினிடம் கேட்கப்படும் சக்தி ஏறக்குறைய ஒன்றேதான், சுமார் 5 குதிரை. இந்த ஏற்பாடு இல்லாமல் முழு வேகத்தையும் முழு அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் கேட்டிருந்தால் 19 குதிரை வேண்டும். புல்வெட்டும் மெஷின் அளவு எஞ்சினை வைத்துக்கொண்டு எல்ம் மரத்தோடு மல்லுக்கட்ட முடிவது இந்தச் சின்னத் தந்திரத்தால்தான். இந்த மொத்த மெஷினிலும் நான் காதலில் விழுந்தது இந்த அழுக்குப் பிடித்த கட்டியோடுதான்.

அடைத்த திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும் என்று பாஸ்கல் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதை இயந்திரமாக்கி 1795-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் பிராமா. பிஸ்டன் ஓரமாகக் கசிவதுதான் அன்றைய தலைவலி. அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையத்தால் அதைத் தீர்த்தவர், அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்பார்கள். மஞ்சள் சிலிண்டருக்குள்ளும் இன்று அதே வேலையை ஒரு சீல் செய்துகொண்டிருக்கிறது, தோலுக்குப் பதில் பாலியூரித்தேன்.

இப்போது டன் பஞ்சாயத்து. கடை மெஷின்களில் 27 டன், 35 டன் என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். கொட்டகைக்காரர் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே எழுதுகிறார். இவருடைய சிலிண்டரின் உள் விட்டம் 4 இன்ச். பரப்பு 12.57 சதுர இன்ச். அதை 2,500-ஆல் பெருக்கினால் 31,400 பவுண்டு சொச்சம். 2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன்னில் 15.7. அவ்வளவுதான்! இதே சிலிண்டரில் 27 டன் வேண்டுமென்றால் அழுத்தம் 4,000-ஐத் தாண்ட வேண்டும். இந்த வகைப் பம்புகளோ 3,000 பக்கமே மூச்சை விட்டுவிடும். 15 டன்னுக்கே மசியாத கட்டை ஆயிரத்தில் ஒன்று, அதைத் திருப்பிப்போட்டு ஓரத்திலிருந்து கிள்ளினால் போதும் என்கிறார். ஆகவே ஸ்டிக்கரில் மயங்காமல் சிலிண்டரின் விட்டத்தைக் கேளுங்கள்.

அவருக்கு முக்கியம் நொடி. சிலிண்டரின் ஓட்டம் 24 இன்ச். முழுக்க நீள 7 நொடி, திரும்பி வர 5 நொடிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கட்டையை நாலாக்க மூன்று முறை போய்வர வேண்டும். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதுதான் கொட்டகையின் நிரந்தர எதிரி. ராத்திரி ராத்திரியாக நடந்த திருத்தங்களில் பாதி அதைக் கொல்லத்தான்.

அதில் மிகவும் மலிவானதுதான் என்னைத் துள்ள வைத்தது. அடுப்புக்கு வெட்டும் கட்டையின் நீளம் 16 இன்ச். பிஸ்டனோ ஒவ்வொரு முறையும் 24 இன்ச் பின்னால் போய்விட்டு வருகிறது. எட்டு இன்ச் வெட்டிப் பயணம்! இரண்டாகப் பிளந்த குழாய்த் துண்டைப் பிஸ்டன் தண்டின் மேல் வளையமாகப் பூட்டிவிட்டார். தண்டு அதற்கு மேல் உள்ளே போகமுடியாது. வளையம் முட்டியதும் அழுத்தம் ஏறி, வால்வின் லீவர் தானாக நடுநிலைக்குக் குதிக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம். செலவு, குப்பைத்தொட்டியில் கிடந்த ஒரு குழாய்.

அடுத்து ஆப்பு. தேய்மானம் தாங்கும் கடினத் தகட்டில் வெட்டி, லோ-ஹைட்ரஜன் ராடால் வெல்டிங் வைத்தது. அதன் மேல் சிலுவை மாதிரி இரண்டு இறக்கைகளைச் செருகினால் ஒரே தள்ளலில் நாலு துண்டு. கட்டையின் தடிமனுக்கு ஏற்ப இறக்கையை ஏற்றி இறக்கவும் ஒரு ஏற்பாடு. எல்ம் வந்தால் மட்டும் இறக்கையைக் கழற்றிவிடுவார், 15.7 டன் அப்போது போதாது. பக்கத்தில் ஒரு கம்பி மேஜை, பிளந்த பாதி தரையில் விழாமல் பிடிக்க. கீழே ஒரு தூக்கு, தொடை உயரக் கட்டையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துத் தூக்காமலிருக்க. முதுகு பேசியபோது செய்த திருத்தங்கள் இவை என்று சிரிக்கிறார்.

பம்பை 16 கேலனாக மாற்றலாம் என்ற ஆசை வந்தபோது நடந்ததுதான் கூத்து. பெரிய பம்புக்கு 8 குதிரை எஞ்சின் வேண்டும். அதோடு முடிந்ததா? பிஸ்டன் திரும்பும்போது, தண்டு இருக்கும் பக்கத்தில் எண்ணெய்க்கு இடம் குறைவு, எதிர்ப்பக்கத்தில் அதிகம். அதனால் உள்ளே 16 கேலன் வேகத்தில் போனால் வெளியே 21 கேலன் வேகத்தில் பீறிட்டு வரும்! பழைய வால்வு, பழைய ஹோஸ், பழைய ஃபில்டர் எதுவும் அதற்குத் தாங்காது. நெருக்கடியில் நசுங்கிய எண்ணெய் சூடாகும், டேங்க் கைவைக்க முடியாமல் கொதிக்கும். இரண்டு நொடிக்காக மெஷின் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்ததால் ஆசையை ஓரங்கட்டினார். அதாவது, தற்காலிகமாக.

சின்னச் சின்ன ரகசியங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் டேங்க் பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், உறிஞ்சும் ஹோஸ் ஒரு இன்ச்சாவது தடிமனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் எண்ணெய்க்குத் தவித்து அலறும், உள்ளேயே அரித்துக்கொள்ளும். பைப் மரைகளுக்கு வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றினால் இவர் கண் சிவந்துவிடும். அதன் பிசிறு பிய்ந்துபோய் வால்வுக்குள் சிக்கும், பேஸ்ட்தான் தடவ வேண்டும். எஞ்சின் தண்டும் பம்ப் தண்டும் நடுவில் ஒரு ரப்பர்த் துண்டை வைத்துக் கைகோக்கின்றன. நேர்க்கோடு பிசகினால் அந்த ரப்பர் பொடியாகும்.

சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று. ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய், கண்ணுக்கே தெரியாமல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே கையே போகிற காரியம், உடனே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டும். எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் ஹோஸில் கைவைப்பார். சோதிக்கவும் ஒரு அட்டைத் துண்டுதான். கட்டை வைக்கிறவரும் லீவர் பிடிக்கிறவரும் ஒரே ஆள் என்பது இங்கே சட்டம். “நீங்க வைங்க, நான் தள்றேன்” என்ற கூட்டணிக்கு இடமே இல்லை. விரல் போவது அந்தக் கூட்டணியில்தான்.

இதையெல்லாம்விடப் பயங்கரமான ஒன்று 1970-களில் விற்றது. திருகாணி மாதிரிக் கூம்பு ஒன்றைக் காரின் பின்சக்கர அச்சில் பூட்டி, காரை ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டுக் கட்டையை அதன் மேல் நீட்ட வேண்டும். கூம்பு மரத்துக்குள் திருகிக்கொண்டே போய்ப் பிளக்கும். ‘ஸ்டிக்ளர்’ என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவரின் தைரியத்துக்கு ஒரு கும்பிடு. பக்கத்தில் நிற்கச் சொன்னால் பெரிய கும்பிடு.

கிளம்பும் நேரம், சுவரில் சாக்பீஸ் பட்டியல் கண்ணில் பட்டது. முதல் வரி: ஆறு துண்டு ஆப்பு. நாலே போதாதா? ஒரே தள்ளலில் ஆறு விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் மிச்சமாகுமே! ஆனால் ஆறுக்கு 15.7 டன் பத்தாது, 5 இன்ச் சிலிண்டர் வேண்டும். 5 இன்ச் போட்டால் 24 டன் தாண்டும், ஆனால் 7 நொடி 11 நொடியாகிவிடும். அதைச் சரிக்கட்ட ஓரங்கட்டிய அந்த 16 கேலன் பம்ப். அதற்கு வால்வு, ஹோஸ், ஃபில்டர், பெரிய டேங்க், பிறகு எஞ்சின்.

“பக்கத்து ஊர் ஏலத்தில் 13 குதிரை எஞ்சின் ஒண்ணு வருதாம்” என்று குரலைத் தாழ்த்தினார். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னும் அவங்களுக்குத் தெரியாது.”