வெறுங்கையோடு திரும்பிய மகன்

தொழில் செய்யப் போன மகன், முதலை இழந்து வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்கிறான். அதுவும் முதன்முறையன்று. வாசக நேயர்களே, அவனை நாம் எப்படி வரவேற்போம்? விடை சொல்லுமுன், அமெரிக்க மிட்டாய் வணிகர் மில்டன் ஹெர்ஷியின் வாழ்வைச் சற்றே பாருங்கள்.

1857ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் அவர் பிறந்தார். தந்தை பல தொழில்களில் இறங்கி எதிலும் நிலைக்காதவர். குடும்பம் அடிக்கடி இடம் மாறியதால் மகனின் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. வேலை பழகச் சேர்ந்த அச்சகத்திலிருந்தும் நீக்கப்பட்டார். பின்னர் லங்காஸ்டர் நகரில் ஜோசப் ராயர் என்னும் மிட்டாய்க்காரரிடம் நான்காண்டுகள் பாகு காய்ச்சும் பக்குவத்தைக் கற்றார்.

1876இல் பிலடெல்பியாவில் சொந்தக் கடை திறந்தார். தாயாரும் தாயின் சகோதரி மார்த்தாவும் உடனிருந்து மிட்டாய்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனர். ஆறாண்டுகளில் கடை நொடித்தது. டென்வர் நகரில் ஒருவரிடம் கூலிக்கு அமர்ந்தபோது, கேரமல் மிட்டாயில் புதுப்பால் சேர்த்தால் சுவையும் மென்மையும் கூடுமென்று அறிந்துகொண்டார். அதன்பின் நியூயார்க்கில் தொடங்கிய தொழிலும் 1886இல் வீழ்ந்தது.

ஊர் திரும்பியவருக்கு உறவினர் உதவ மறுத்தனர். இருமுறை இழந்தவனை மூன்றாம் முறை நம்ப அவர்கள் அஞ்சியதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தாயும் மார்த்தாவும் கைவிடவில்லை. முன்னர் அவரிடம் பணியாற்றிய ஹாரி லெப்கிச்சரும் துணை நின்றார். டென்வரில் கற்ற பால் கேரமல் இம்முறை வென்றது. 1900இல் அந்நிறுவனத்தைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார்.

1893இல் சிகாகோ கண்காட்சியில் ஜெர்மானிய சாக்லேட் இயந்திரங்களைக் கண்டு, அத்தொழிலிலும் அவர் ஏற்கெனவே இறங்கியிருந்தார். பால் சாக்லேட் அன்று செல்வர் பண்டம். அதை எளியோரும் வாங்கும் விலையில் தர விரும்பிப் பல சோதனைகள் செய்தார். பால் தடையின்றிக் கிடைக்கும் தம் பிறந்த மண்ணிலேயே ஆலை எழுப்பினார். 1905இல் அது நிறைவுற்றது.

மில்டன், கேத்தரின் தம்பதியருக்குக் குழந்தையில்லை. 1909இல் அநாதைச் சிறுவர்களுக்காக உறைவிடப் பள்ளி ஒன்றை நிறுவினர். மனைவி 1915இல் மறைந்தார். நாம் வக்ஃபு செய்வதைப் போல, 1918இல் தம் செல்வத்தின் பெரும்பகுதியை அப்பள்ளியின் அறக்கட்டளைக்கு அவர் எழுதி வைத்தார். தொடக்கத்தில் வெள்ளையினச் சிறுவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த அதன் கதவு, அவர் 1945இல் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் எல்லா இனத்தவருக்கும் பெண்பிள்ளைகளுக்கும் திறந்தது.

நான்காம் வகுப்பைத் தாண்டாதவரின் பொருளால் ஆயிரமாயிரம் பிள்ளைகள் கல்வி பெற்றனர். 1886இல் அந்த இரு பெண்களும் கதவை அடைத்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா? நம் வாசலில் நிற்கும் மகனிடம், எவ்வளவு போயிற்று என்று கேட்குமுன், என்ன கற்று வந்தாய் என்று கேளுங்கள். முதலில் ஒரு வாய்ச் சோறு போடுங்கள்.