மழைக்குட்டையும் குறுவாய்த் தவளையும்

தவளை தன் வாயினாலேயே கெடும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் தாம்பரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இன்று அதற்குக் கேடு சூழ்வது அதன் வாயா, நமது கையா என்பது ஆலோசிக்கத்தக்கது.

குறுவாய்த் தவளையை உதாரணமாகக் கொள்வோம். பிரெஞ்சு அறிஞர்களாகிய டூமெரில், பிப்ரோன் இருவரும் 1841-ஆம் வருஷத்தில் உலகுக்கு அறிவித்த இனம் இது. நீளம் ஓர் அங்குலத்துக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். முகம் கூரியது, வாய் மிகச் சிறியது. பழுப்பு நிற முதுகில், கண்களுக்கிடையே தொடங்கிப் பின்புறம் விரியும் கருஞ்சித்திரம் ஒன்று உண்டு. உதிர்ந்த இலைகளினடியிலும் ஈர மண்ணிலும் ஒதுங்கி, எறும்பையும் கறையானையும் தின்று வாழ்வது.

மழை பெய்து பள்ளங்களில் நீர் தேங்கிய இரவே அதன் மண நாள். ஆண் தவளை தொண்டையை உப்பிக்கொண்டு, உடலளவுக்குச் சற்றும் பொருந்தாத பெருங்குரலில் பெண்ணை அழைக்கும். முட்டைகள் மெல்லிய ஏடுபோல் நீர்மேல் மிதக்கும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் குஞ்சுகள், நீரிலுள்ள நுண்பாசியை வடித்துண்டு, சில வாரங்களில் கால் முளைத்துக் கரையேறும்.

பெரிய ஏரியில் முட்டையிடலாகாதா என்று கேட்பாருளர். ஏரியில் மீன் உண்டு. தவளைக் குஞ்சு அதற்கு இரை. கோடையில் வற்றும் குட்டையிலோ மீன் நிலைப்பதில்லை. வற்றுவது குட்டையின் குற்றமன்று; அதுவே அதன் குணம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நன்மங்கலம், வண்டலூர்க் காட்டோரத்துக் குட்டைகளுக்கோ அத்தகைய கீர்த்தி இல்லை. ஆதலின், மனை பிரிப்போர் இடிபாட்டுக் குப்பையைக் கொட்டி ஒரு பகலில் தூர்த்துவிடக்கூடிய நிலையில் அவை இருக்கின்றன.

கொசு பெருகுமென்பது மற்றொரு வாதம். சாக்கடைக் கொசு கழிவுநீரிலும், டெங்குக் கொசு நம் வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலுமே மிகுதியாகப் பெருகுகின்றன. அவற்றை விடுத்துக் காட்டோரக் குட்டையைத் தண்டிப்பது, கள்வனை விட்டுச் சாட்சியைச் சிறையிடுவதை ஒக்கும்.

இவ்வினம் அருகிவிட்டதென்று நாம் கூறவில்லை. இன்றும் அது பரவலாகவே உள்ளது. ஆயினும் ஓரூரின் குட்டைகள் யாவும் தூர்ந்தால், அவ்வூரில் அதன் சந்ததி அறும். 2021-ல் மாநகராட்சியாகிய தாம்பரம், பருவமழைக்கு முன்னரே இக்குட்டைகளைக் கணக்கெடுத்துக் காப்பது கடமை. அவ்வாறு செய்விப்பது வாக்களித்த நம்முடைய கடமை.