மோட்டார் சைக்கிள் பாதுகாப்புச் செய்திகளில் வரும் எண்களை விளங்கிக்கொள்ளல்

வசந்த காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வரும்போது, பாதுகாப்பு விழிப்புணர்வுச் செய்திகளும் வரத் தொடங்குகின்றன. அவற்றின் நோக்கம் நல்லதே. எனினும், அவற்றில் இடம்பெறும் எண்கள் சிலவேளை பிழையான முடிவுக்கு இட்டுச் செல்கின்றன. மகனோ மகளோ மோட்டார் சைக்கிள் வாங்க விரும்பும் குடும்பத்தில் அத்தகைய முடிவு பாரதூரமான விளைவைத் தரலாம். எனவே, இவ்வாறான எண்ணைக் காணும்போது பின்வரும் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

1. இந்த எண் எந்த வீதிகளுக்கு உரியது?

ஒன்ராறியோ மாகாணப் பொலிஸார் அறிவிக்கும் மோட்டார் சைக்கிள் மரணங்களின் எண்ணிக்கை, அவர்களது பொறுப்பிலுள்ள வீதிகளுக்கு மட்டுமே உரியது. பிக்கரிங்கில் 401ஆம் நெடுஞ்சாலை அதில் அடங்கும். கிங்ஸ்டன் வீதி, புரொக் வீதி போன்றவை டர்ஹாம் பிராந்தியப் பொலிஸ் சேவையின் பொறுப்பில் உள்ளன. அங்கு நிகழும் மரணங்கள் அந்த எண்ணிக்கையில் சேர்வதில்லை. மாகாணம் முழுவதற்குமான நிலையை அறிய, போக்குவரத்து அமைச்சின் வீதிப் பாதுகாப்பு ஆண்டறிக்கையைப் பார்க்க வேண்டும்.

2. எதனுடன் ஒப்பிடப்படுகிறது?

“விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதத்தினர் முறையான பயிற்சி பெறாதவர்கள்” என்ற கூற்று பரவலாக வழங்கிவருகிறது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹரி ஹேர்ட், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து அது எடுக்கப்பட்டது. ஆனால், அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய அனைவரிலும் 100க்கு 92 பேர் பயிற்சி பெறாதவர்களாக இருந்திருப்பின், அந்த எண் மட்டும் பயிற்சியின் பயனைப் பற்றி எதையும் உணர்த்தாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2010ஆம் ஆண்டு மீளாய்வும், பயிற்சி விபத்தைக் குறைக்கிறதா என்பதில் உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை எனக் கூறியது. பயிற்சி வகுப்பு தேவையற்றது என்பது இதன் பொருளன்று. வகுப்பை முடித்துவிட்டதால் இனி ஆபத்தில்லை எனப் பெற்றோர் எண்ணிவிடலாகாது என்பதே பொருள்.

3. உடனிருந்ததா, காரணமா?

இந்திய அரசின் அறிக்கைப்படி, 2022இல் அந்நாட்டு வீதி விபத்துகளில் தலைக்கவசம் அணியாத 50,029 பேர் உயிரிழந்தனர். “தலைக்கவசம் அணியாததால் 50,029 பேர் இறந்தனர்” என இதனைக் கூறுவது பிழை. அவர்களுள் மார்பிலும் வயிற்றிலும் ஏற்பட்ட காயங்களால் இறந்தவர்களும் இருப்பர். தலைக்கவசம் அனைவரையும் காப்பாற்றியிருக்காது. அதன் உண்மையான பயனை, அணிந்தவர்களையும் அணியாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளே காட்டுகின்றன. 2008ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வின்படி, விபத்தில் சிக்கியவர் உயிரிழக்கும் அபாயத்தைத் தலைக்கவசம் ஏறத்தாழ 42 சதவீதத்தாலும், தலையில் காயமடையும் அபாயத்தை 69 சதவீதத்தாலும் குறைக்கிறது.

தலைக்கவசத்தின் சிறப்பை எடுத்துரைக்க இந்த எண்களே போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை. மிகை ஒருமுறை வெளிப்பட்டால், இளையோர் உண்மையான எச்சரிக்கையையும் நம்ப மறுப்பர். மறுபுறம், தலைக்கவசம் முழுமையாகக் காக்கும் என நம்புபவர் வேகத்தைக் குறைக்க மாட்டார்.

எண்கள் எவ்வாறிருப்பினும், ஒன்ராறியோவில் எம்1 அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கான விதிகள் தெளிவானவை: இரவில் ஓட்டக்கூடாது, பின்னால் எவரையும் ஏற்றக்கூடாது, ஓட்டும்போது உடலில் மதுசாரம் சிறிதும் இருத்தலாகாது. பிள்ளைகளுடன் இவற்றைப் பற்றிப் பேசும்போது, மேற்கண்ட மூன்று கேள்விகளையும் அவர்களுடன் சேர்ந்து ஆராயுங்கள்.